நிற்கும் அளவுக்குச் சூடு

கிள்ளானில் மேரு சாலையை ஒட்டியிருக்கிற தாமான் குடியிருப்புகளில் புஷ்பவல்லி என்று பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. வேன் அக்கா என்றால் தெரியும். இருபது வருஷத்துக்கு நெருக்கமாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாள். காலைப் பள்ளிக்கு இருட்டோடு கிளம்புவாள். மதியம் ஒரு கூட்டத்தை இறக்கி இன்னொரு கூட்டத்தை ஏற்றுவாள். சாயங்காலம் கடைசிப் பிள்ளை கேட்டுக்குள் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் தன் வீட்டுப் பக்கம் வேனைத் திருப்புவாள். பிள்ளைகள் கத்தினால் திட்ட மாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், வேனே அடங்கிவிடும்.

அவள் புருஷன் சுகுமாறன் ஸ்கஃபோல்டிங் வேலைக்காரன். உயரக் கட்டடங்களைச் சுற்றி இரும்புக் குழாய்களால் சாரம் கட்டுகிறவன். ஆளும் நல்ல உயரம். புஷ்பவல்லி அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். கல்யாணத்தில் மாலை போடுவதற்கு அவன் குனியாமல் நின்று வேடிக்கை காட்டியதையும், அவள் கோபத்தில் மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றதையும் சொந்தக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரே மகள் மாதவி. கட்டிக்கொடுத்து ஜொகூரில் இருக்கிறாள்.

ஷா ஆலத்தில் ஒரு கிடங்கு கட்டிக்கொண்டிருந்த இடத்தில், மழை விட்ட கையோடு மேலே ஏறிய சுகுமாறன் பலகை வழுக்கி விழுந்தான். உயிர் தப்பியது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதி நொறுங்கிவிட்டது. தொடைகளில் கொஞ்சம் வலுவும் கொஞ்சம் உணர்ச்சியும் மிச்சமிருந்தன. முழங்காலுக்குக் கீழே எதுவுமே இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஏற்கெனவே இனிப்புநீர் வேறு, சர்க்கரை வியாதி.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய குளம் இருந்தது. சக்கர நாற்காலியோடு சரிவில் உருட்டி உள்ளே இறக்குவார்கள். ஒரு சனிக்கிழமை புஷ்பவல்லி பார்க்கப் போயிருந்தபோது, சுகுமாறன் மார்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விழுந்ததற்குப் பிறகு அவனை அவள் படுத்தோ உட்கார்ந்தோதான் பார்த்திருக்கிறாள். குளத்துக்குள் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றபோது, பழையபடி கழுத்தை நிமிர்த்தித்தான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பயிற்சி கொடுக்கிற ராஜினி என்ற பெண் சொன்னாள்: “தண்ணி ஒடம்ப தாங்கிக்கும் ஆன்டி, அதான் அங்கிளால நிக்க முடியுது. ஆனா தண்ணி சூடா இருக்கணும். பச்சத் தண்ணின்னா தசையெல்லாம் இறுகிப் போயிரும்.”

மையத்தில் அவனுக்கு ஒதுக்கிய காலம் முடிந்தது. வரிசையில் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சுகுமாறன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பாட்டைத் தள்ளி வைத்தான். புஷ்பவல்லி கட்டிலில் உட்கார்ந்து கெஞ்சினாள்.

“என்னங்க, இப்படியே கெடந்தா எப்படி?”

“நின்னு பாத்துட்டேன் புஷ்பா,” என்றான் அவன். “இப்ப என்னால படுக்க முடியல.”

அந்த வாரமே அவள் குளம் தேடத் தொடங்கினாள். வேனில் வருகிற ஒரு பிள்ளையின் வீட்டில், இரும்புச் சட்டத்தில் தார்ப்பாய் மாதிரித் தடித்த பிளாஸ்டிக்கைக் கட்டி நிறுத்துகிற நீச்சல் குளம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஸ்டோரில் சுருட்டிப் போட்டிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கினாள். புஷ்பவல்லியுடையது மூலை வீடு, பக்கவாட்டில் நிலம் இருந்தது. அங்கே அதை நிறுத்தினாள். சுகுமாறன் எழுந்து உட்கார்ந்தான். தன்னைத் தூக்கி உள்ளே இறக்குவதற்குச் சாரக் குழாய்களையும் சங்கிலிக் கப்பியையும் வைத்துத் தானே ஒரு தூக்கி வடிவமைத்தான். பழைய கூட்டாளிகளை வரவழைத்தான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே, “அந்த கிளாம்ப இன்னும் இறுக்கு, மேல ஏறப்போறது நான்லா,” என்று அவர்களை அதட்டினான். வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் குரல் கேட்டது.

முதல் நாள் இறக்கியதுமே அவன் பல் கிட்டிப் போனது. கிள்ளானில் வெயிலுக்கா பஞ்சம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அந்தப் பக்கவாட்டு நிலத்தில் வீட்டு நிழலே பாதி நாள் விழுந்தது. சாயங்கால மழை தண்ணீரை இன்னும் குளிர வைத்தது. அவன் தொடைகள் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டன. பாதியிலேயே தூக்கி வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கிற பெரிய பானையைக் கடன் வாங்கி வந்து கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி ஊற்றினாள். ஊற்றிய இடத்தில் கையை வைத்தால் சுட்டது. கலக்கியதும் எங்கே போனதென்று தெரியவில்லை. கேஸ் தோம்பு காலியானதுதான் மிச்சம்.

பின் வீட்டில் லோகன் இருந்தான். ஏர்கோன் என்கிற குளிர்சாதனம் பொருத்துகிற வேலை செய்கிறவன், முப்பது வயதைத் தாண்டியவன். வேலி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் உள்ளேயே வந்துவிட்டான்.

“அக்கா, ஓட்ட வாளியில தண்ணி ஊத்துற மாதிரி இருக்கு நீங்க செய்யுறது. மொதல்ல சூடு வெளிய போறத நிறுத்தணும். அப்புறந்தான் ஏத்தணும்.”

“எங்க போகுது?”

“மேலதான் போகுது. காத்து அடிச்சா ஆவியாப் போயிரும். ராத்திரியெல்லாம் தெறந்து வச்சிருக்கீங்க.”

காற்றுக் குமிழிகள் உள்ள நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைத் தண்ணீர் மேல் மிதக்கிற மாதிரி வெட்டிப் போட்டார்கள். குளத்துக்கு அடியிலும் சுற்றிலும், லோகன் வேலை செய்த இடங்களில் மிஞ்சிய, சூட்டை வெளியே விடாத பஞ்சுத் தகடுகளை வைத்துக் கட்டினார்கள். மழை விழாமல், வெயில் மட்டும் விழுகிற மாதிரிக் கண்ணாடி போன்ற கூரைத் தகடு மேலே வந்தது. காசு அதிகம் போகவில்லை. இரண்டொரு நாளில் தண்ணீரின் சில்லிப்பு விட்டது. ஆனால் மையத்தில் இருந்த வெதுவெதுப்பு வரவில்லை.

“இதுக்குன்னே மெஷின் இருக்கு அக்கா. ஹீட் பம்ப். ஏர்கோன திருப்பிப் போட்ட மாதிரி வேல செய்யும். வெளிக்காத்துல இருக்குற சூட்ட எடுத்துத் தண்ணிக்குள்ள விடும். நேரா கரண்டுல காய்ச்சுறதவிட பில்லும் கொறச்சல்தான்.”

விலையைக் கேட்டதும் புஷ்பவல்லி கையை விரித்தாள். லோகன் தலையைச் சொறிந்துகொண்டு, “வேற வழி இருக்கு,” என்றான்.

வேறு வழி கறுப்பு பாலிபைப். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய்தான். அதை வீட்டுத் தகரக் கூரை மேல் கொசுவர்த்தி மாதிரிச் சுற்றிப் படுக்க வைத்தான். சின்னப் பம்பு ஒன்று குளத்துத் தண்ணீரை மேலே ஏற்றும். வெயிலில் காய்ந்த குழாய்க்குள் ஓடிச் சூடாகி மறுபடி குளத்துக்கே இறங்கும். முதல் நாள் மதியமே தண்ணீரில் கை வைத்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம்.

அன்று சுகுமாறன் நின்றான். குளத்துச் சட்டத்தில் அவனே பொருத்திய கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்கள் நடுங்க நடுங்க நின்றான். லோகன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கை தட்டினான்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் அந்த வீட்டுக்கு நல்ல மாதங்கள். மதிய ஓட்டம் முடிந்து சாயங்கால ஓட்டம் தொடங்குகிற வரைக்கும் உள்ள நேரம் குளத்துக்கு. சுகுமாறன் தண்ணீரில் நின்றபடியே சவரம் செய்துகொண்டான். நின்றபடியே பேப்பரைப் பிடித்துப் படித்தான், அவள் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பேச்சும் சண்டையும் திரும்பி வந்தன. அவள் சீனி போடாத கோப்பியை நீட்டும்போது, “நின்னுக்கிட்டு குடிக்கிறவனுக்கு ஒரு கரண்டி போடக் கூடாதா?” என்று கேட்பான்.

சூடான தண்ணீர் மேலே மிதக்கிறதென்றும், அடியில் அவன் பாதங்கள் சில்லென்று இருக்கின்றன என்றும் கண்டுபிடித்தவள் புஷ்பவல்லிதான். வெளியே தூக்கியதும் துடைத்துவிடும்போது பாதங்களைத் தொட்டுப் பார்ப்பாள், ஐஸ் மாதிரி இருக்கும். அவனுக்குத்தான் அது தெரியாதே. அதனால் சூட்டுத் தண்ணீர் இறங்குகிற குழாயின் முனையை அவன் நிற்கிற இடத்துக்குக் கீழே, அடியில் கொண்டுபோய்க் கட்டினாள். லோகனும் பார்த்துவிட்டு, “நல்ல ஐடியா அக்கா,” என்றான்.

ஒருநாள் மதியம் மின்சாரம் போயிருந்தது. புஷ்பவல்லி வேனில் இருந்தாள். பம்பு நின்றுவிட்டது. கூரை மேல் இருந்த குழாய்க்குள் தண்ணீர் ஓடாமல் நின்று உச்சி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவள் குளத்தில் கையை விட்டுப் பார்த்தாள். காலையில் ஏறிய சூடு விரிப்புக்குக் கீழே அப்படியே இருந்தது. சரி, இது போதும் என்று சுகுமாறனைத் தூக்கி இறக்கினாள். பம்பின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ஓடாத பம்பை யார் அணைப்பார்கள்?

கொஞ்ச நேரத்தில் கேட்டில் ஹார்ன் சத்தம். வேனில் வருகிற பிள்ளை ஒன்றின் தாய், நாளையிலிருந்து டியூஷன் இருப்பதாகவும் வேறு இடத்தில் இறக்கிவிட வேண்டுமென்றும் சொல்ல வந்திருந்தாள்.

“பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, இதோ வந்துட்டேன்.”

“போ, போ. நான் எங்க ஓடப்போறேன்?”

அந்தத் தாய் இடத்தை விளக்கிக்கொண்டிருந்தபோதே வீட்டுக்குள் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. கரண்டு வந்துவிட்டது என்பது புஷ்பவல்லிக்குத் தெரிந்தது. நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள். இன்னும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்தாள்.

சுகுமாறன் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பு. “புஷ்பா, இன்னைக்கு தண்ணி அப்படி இருக்குலா. தொடைக்கெல்லாம் ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்கு.”

அவள் வழக்கம்போல் கையை விட்டுக் கலக்கினாள். அடியிலிருந்து மேலே வந்த தண்ணீர் புறங்கையைச் சுட்டது. ஒரு கணம் புரியவில்லை. பிறகு ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினாள், கப்பியை இழுத்தாள். அவன், “என்ன? என்னடி?” என்று கேட்டுக்கொண்டே மேலே வந்தான். வலது பாதம் வெந்து வெளுத்திருந்தது. துண்டு பட்டதும் தோல் சாக்ஸ் மாதிரிக் கழன்று வந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “சியாப்பா ஜாகா டியா?” என்று மலாயில் கேட்டார். இவரைப் பார்த்துக்கொள்வது யார் என்று. குரலில் கோபமில்லை, படிவத்தில் எழுதுவதற்காகக் கேட்டார். புஷ்பவல்லி, “நான்தான்,” என்று தமிழில் சொன்னாள். பிறகு சுதாரித்துக்கொண்டு, மலாயிலேயே “சாயா,” என்றாள்.

மாதவி ஜொகூரிலிருந்து பஸ்ஸேறி வந்தாள். வந்ததும் கத்தினாள். “ஏம்மா, தெரியாததெல்லாம் எதுக்கு நீங்களா செய்யுறீங்க?” அப்புறம் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுகுமாறன் மட்டும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. “என் காலு. எனக்கே தெரியல, அவளுக்கு எப்படித் தெரியும்?” என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று புஷ்பவல்லிக்கு இருந்தது.

இனிப்புநீர்க்காரனுக்குப் புண் ஆறவில்லை. முதலில் விரல்கள் போயின, பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம். படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்தது. அது ஒரு பக்கம் சீழ் பிடித்தது. புஷ்பவல்லி காலையில் வேன், மதியம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் வேன், மறுபடி ஆஸ்பத்திரி என்று ஓடினாள். இடையில் ஒருநாள் வீட்டுக்குப் போய்க் குளத்தின் அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். தண்ணீர் வடிந்து லோங்காங் சாக்கடைக்குப் போய் முடிய ராத்திரியாகிவிட்டது. கூரையில் ஏறிக் குழாயையும் வெட்டி எறிந்தாள்.

அவனுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. காய்ச்சல் இல்லாத ஒரு மதியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:

“விரிப்பு போட்டு மூடி வச்சிருக்கியா? தெறந்து கெடந்தா சூடு போயிரும்.”

“மூடித்தான் வச்சிருக்கேன்.”

“ஒரு கால வச்சுக்கிட்டும் நிக்கலாம். தண்ணி தாங்கிக்கும். ராஜினிகிட்ட கேட்டுப் பாரு.”

“கேக்குறேங்க.”

அவள் கேட்கவில்லை. சீழ் ரத்தத்தில் கலந்து அந்த மாதக் கடைசியில் சுகுமாறன் இறந்துபோனான்.

வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தபோது, தெருவில் போட்ட கூடாரத்துக்கு வெளியே லோகன் நின்றுகொண்டிருந்தான். கால் வெந்த நாளிலிருந்து அவன் இந்தப் பக்கமே வரவில்லை. வேலியோரம் அவன் துணி காயப்போடுகிற கொடியைக்கூட வேறு பக்கம் மாற்றிக் கட்டியிருந்தான். புஷ்பவல்லி ஆள் அனுப்பி அவனை உள்ளே கூப்பிட்டாள். வந்தவன் உடல் பக்கம் பார்க்க முடியாமல் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

“அக்கா, அதுக்கு ஒரு வால்வு இருக்கு. சூடு ஏறுனா தானா மூடிக்கிறது. கரண்டு போய் வந்தா பம்பு தானா ஓடாம இருக்கவும் ஒரு சுவிட்சு இருக்கு. நான் போட்டிருக்கணும்.”

“போட்டிருக்கணும்,” என்றாள் அவள்.

அவன் தலை குனிந்தது. அவளுக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, வெறுப்பும் வந்தது. இரண்டில் எதையும் மறைக்க அவளிடம் தெம்பு இல்லை. “குழாய அடியில கட்டுனது நான்,” என்றாள். “தூக்கிட்டுப் போறதுக்கு ஆள் பத்தாது. நீயும் தோள் குடு.” லோகன் எழுந்து போனான்.

புஷ்பவல்லி பத்து நாள்கூட வீட்டில் இருக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம். வேனை எடுத்தாள். பிள்ளைகள் சில நாள் சத்தம் போடாமல் வந்தார்கள், பிறகு பழையபடி கத்தினார்கள். அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் ஒரு போன் வந்தது. அம்பாங்கிலிருந்து கௌசலா என்று ஒருத்தி. சுகுமாறன் வீட்டில் குளம் வைத்திருந்ததை மையத்தில் பயிற்சி கொடுத்த ராஜினி எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறாள், பிறகு நடந்தது ராஜினிக்கே தெரியாது. கௌசலாவின் தங்கைக்குப் பக்கவாதம். அப்பா காலத்தில் கட்டிய நீச்சல் குளம் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் மலையடிவாரம், மரநிழல், தண்ணீர் சில்லென்று கிடக்கிறது. சிக்கனமாகச் சூடாக்க ஒரு வழி உங்களுக்குத் தெரியுமாமே, அக்கா?

புஷ்பவல்லி போனை வைத்துவிட்டாள். அன்று மதியம் முழுக்க வேனை ஓட்டினாள். சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, சாலை ஓரமாக நிறுத்தி, அதே நம்பரைக் கூப்பிட்டாள்.

“ஒங்க தங்கச்சிக்கு கால்ல சூடு தெரியுமா?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் கௌசலாவுக்குப் புரியவில்லை. “ஒரு பக்கம் தெரியும் அக்கா. மத்தப் பக்கம் அவ்வளவா தெரியாது.”

புஷ்பவல்லி நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். கரண்டு போனது, ஹார்ன் சத்தம், தோல் கழன்றது, எதையும் விடவில்லை. கௌசலா கடைசிவரை போனை வைக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அப்ப செய்யலாமா, வேணாமா அக்கா?”

“செய்யலாம். மொதல்ல மெதக்குற விரிப்பு வாங்கிப் போடுங்க, பாதிச் செலவு அதுலயே மிச்சமாகும். மரக்கெளைய வெட்டி வெயில் விழ வைங்க. அப்புறம் ஹீட் பம்ப் வாங்குங்க, பழசா இருந்தாலும் பரவால்ல. வச்ச சூட்டுக்கு மேல அது போகாது. கூரை மேல கொழாய் சுத்துறேன்னு யாராச்சும் வந்தா விடாதீங்க. சூட்டுத் தண்ணி வர்ற வாய் ஆள் நிக்கிற எடத்துல இருக்கவே கூடாது. அவங்கள எறக்குறதுக்கு முன்னால நீங்க எறங்கி எல்லா மூலையிலயும் நில்லுங்க. அவங்க உள்ள இருக்கும்போது யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க.”

கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் இரண்டு தடவை சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பாங்குக்கு அவளே போனாள். கௌசலா வாங்கிவைத்திருந்த இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் வெளிவருகிற வாயில் கையை வைத்து நெடுநேரம் பிடித்திருந்தாள். தங்கையை இறக்குகிற நேரம் வந்ததும், “எனக்கு வேல இருக்கு,” என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அந்தப் பெண் தண்ணீரில் நிற்பதைப் பார்க்கப் புஷ்பவல்லியால் முடியாது.

அதற்கப்புறம் இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். செந்தூலிலிருந்து, ஷா ஆலத்திலிருந்து. வேன் ஓட்டாத நேரமென்றால் எடுக்கிறாள். எல்லோரும் தண்ணீரைச் சூடாக்குவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவள் முதலில் சுகுமாறனின் காலைப் பற்றிச் சொல்கிறாள். அதைக் கேட்டு முடித்தவர்களுக்கு மட்டும் மீதியைச் சொல்கிறாள்.